டென்சர்ஃப்ளோவில் மாறிகளை உருவாக்குவதும் தொடக்க மதிப்பு இடுவதும்

இயந்திரக் கற்றலுக்கான லைப்ரரியான டென்சர்ஃப்ளோவில் எழுதப்படும் எந்த மாதிரியிலும் பயிற்சி முடிந்தபின் எஞ்சி நிற்பவை மாறிகளே. உள்ளே வரும் படங்களும் சொற்களும் கணக்கு முடிந்ததும் நினைவகத்தை விட்டுப் போய்விடுகின்றன. இடையில் பிறக்கும் டென்சர்களின் (எண் அணிகளின்) கதியும் அதுதான். ஒரு சுற்றில் கற்றதை அடுத்த சுற்றுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு மாறியுடையது. அந்த மாறியை உருவாக்கும் ஒற்றை வரியில் அதன் தரவு வகை, அதன் வடிவம், பயிற்சியில் அது திருத்தப்படுமா என்பது, எந்த எண்ணிலிருந்து அது தொடங்கும் என்பது ஆகிய நான்கும் முடிவாகிவிடுகின்றன. நாம் சொல்லாமல் விட்டதை லைப்ரரி தானே ஊகித்துக்கொள்கிறது. ஊகம் தவறாக இருந்தாலும் பெரும்பாலும் நிரல் ஓடத்தான் செய்யும், மாதிரிதான் கற்காது. ஆகவே பிழைச் செய்தி வராத தவறுகளுக்கே இந்த வழிகாட்டியில் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

இங்கே கூறப்படுபவை 2019 செப்டம்பரில் வெளியான 2.0 பதிப்புக்கும் அதன்பின் வந்தவற்றுக்கும் பொருந்தும். செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன்; நிரலில் அவற்றை ரோமன் எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். நாமாகச் சூட்டும் பெயர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும் என்பதால், கீழே 'எடை' என்று வருவதை அப்படியே எழுதினாலும் நிரல் ஓடும்.

பழைய நிரலைக் காண நேர்ந்தால்

2015 நவம்பரில் கூகுள் இந்த லைப்ரரியைத் திறந்த மூலமாக வெளியிட்டபோது, கணக்கை முதலில் ஒரு கிராஃப் ஆக வரைந்துவிட்டுப் பிறகு செஷன் ஒன்றைத் திறந்து அதை ஓட்டுவதே முறையாக இருந்தது. அந்த முறையில் மாறியை உருவாக்கும் வரி, நினைவகத்தில் எதையும் எழுதாது. இப்படியொரு மாறி வரவிருக்கிறது என்று கிராஃபில் குறித்து வைக்கும், அவ்வளவுதான். மதிப்பு உண்மையில் உள்ளே போக வேண்டுமானால் 'க்ளோபல்_வேரியபிள்ஸ்_இனிஷியலைசர்' என்ற செயலைச் செஷனுக்குள் தனியாக ஓட்ட வேண்டும். மறந்தால், தொடக்க மதிப்பு பெறாத மாறியைப் பயன்படுத்த முயல்வதாகச் சொல்லி நிரல் அங்கேயே நின்றுவிடும். இன்னும் பழைய நிரல்களில் இதே செயல் 'இனிஷியலைஸ்_ஆல்_வேரியபிள்ஸ்' என்ற பெயரில் இருக்கும்.

2.0 பதிப்பிலிருந்து ஒவ்வொரு வரியும் எழுதிய வரிசையிலேயே உடனுக்குடன் இயங்குவதால், மாறி பிறக்கும்போதே மதிப்புடன் பிறக்கிறது. தனியாகத் தொடக்கிவைக்கும் படி இல்லை. பழைய பாடம் ஒன்றில் செஷனோ மேற்சொன்ன இனிஷியலைசரோ கண்ணில் பட்டால், அந்த நிரலை 'காம்பாட்.வி1' என்ற பகுதியின் வழியே ஓட்டலாம். ஆனால் புதிதாகக் கற்பவர் அதைப் பின்பற்றத் தேவையில்லை. அந்தப் பழைய முறையில் ஒரு நன்மையும் இருந்தது என்பதை மறுக்க முடியாது: தொடக்க மதிப்பு என்று ஒன்று உண்டு என்பதை யாரும் மறக்க முடியாமல் இருந்தது.

முதல் மாறி

எடை = டிஎஃப்.வேரியபிள்([0.5, -0.2, 0.1])

'டிஎஃப்' என்பது டென்சர்ஃப்ளோவின் சுருக்கப் பெயர். இந்த வரியில் நாம் கொடுத்தது மூன்று எண்கள் கொண்ட ஒரு லிஸ்ட் மட்டுமே. எண்கள் தசமப் புள்ளியுடன் இருப்பதால் தரவு வகை ஃப்ளோட்32 (32 பிட் தசம எண்) என்றும், மூன்று உறுப்புகள் இருப்பதால் வடிவம் 3 என்றும், வேறு சொல்லப்படாததால் பயிற்சியில் திருத்தத்தக்கது என்றும் டென்சர்ஃப்ளோ எடுத்துக்கொள்கிறது. 'பிரின்ட்' கொடுத்துப் பார்த்தால் வகையும் வடிவமும் அச்சாகும். புதிய மாறி ஒன்றை எழுதியதும் ஒருமுறை இப்படி அச்சிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். பின்வரும் இரண்டு கோளாறுகளும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

முதற்கோளாறு முழு எண்களால் வருவது. அதே வரியில் 1, 2, 3 என்று புள்ளியில்லாமல் எழுதினால் மாறி இன்ட்32 வகையைப் பெறும். முழு எண்ணை மிகச் சிறிதளவு நகர்த்திப் பார்க்க வழியில்லாததால் அதற்கு கிரேடியன்ட், அதாவது அந்த நகர்வுக்கு இழப்பு (மாதிரியின் பிழையளவு) எந்த அளவு மாறும் என்ற விகிதம், கணக்கிட முடியாது. கிரேடியன்ட்டைக் கணக்கிட்டுத் தரும் கருவியான கிரேடியன்ட்டேப்பிடம் கேட்டால் அது ஒரு எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு 'நன்' என்ற வெற்று விடையைத் திருப்பித் தரும். மாதிரியில் உள்ள எல்லா மாறிகளும் இப்படி இருந்தால், எந்த மாறிக்கும் கிரேடியன்ட் வரவில்லை என்று, மாறிகளைத் திருத்தும் பகுதியான ஆப்டிமைசர் பிழை காட்டி நிறுத்தும். பத்து மாறிகளில் ஒன்று மட்டும் இப்படி இருந்தால் மற்ற ஒன்பதும் கற்கும், இது மட்டும் தொடங்கிய இடத்திலேயே இருக்கும். எச்சரிக்கை வரியோ பிற வரிகளின் கூட்டத்தில் மறைந்து போகும். 1 என்பதை 1.0 என்று எழுதினாலே போதும், இத்தனையும் தவிர்க்கப்படும்.

இரண்டாவது, பைத்தானின் எண் கணக்கு லைப்ரரியான நம்பை தரும் எண்களால் வருவது. நம்பையில் உருவாகும் தசம எண்கள் இயல்பாகவே ஃப்ளோட்64 வகையைச் சேர்ந்தவை. அவற்றை அப்படியே மாறிக்குள் வைத்தால் மாறியும் ஃப்ளோட்64 ஆகிவிடும். டென்சர்ஃப்ளோவின் இயல்பு வகை ஃப்ளோட்32 என்பதால், இவ்விரண்டையும் பெருக்க முனையும்போது வகை பொருந்தவில்லை என்ற பிழை எழும். நம்பையைப் போல இது தானாக வகை மாற்றிக்கொள்வதில்லை. இதைப் புரியாமல் எல்லாவற்றையும் ஃப்ளோட்64-க்கு மாற்றிப் பிழையை அடக்குபவர்கள் உண்டு. நிரல் ஓடும், ஆனால் நினைவகம் இரு மடங்காகச் செலவாகும்; விளையாட்டுக்கெனத் தயாராகும் ஜிபியூ அட்டைகளில் ஃப்ளோட்64 கணக்கு மிகவும் மெதுவானதும்கூட. மாறியை உருவாக்கும் இடத்திலேயே வகையைச் சொல்லிவிடுவதே சரியான தீர்வு.

எடை = டிஎஃப்.வேரியபிள்(எண்கள், டிடைப்=டிஎஃப்.ஃப்ளோட்32)

வடிவத்தைப் பொறுத்தவரை, பிறந்தபோது இருந்த வடிவமே கடைசிவரை நிலைக்கும். மூன்று உறுப்புகள் கொண்ட மாறிக்குப் பின்னர் நான்கு உறுப்புகளைத் தர முயன்றால் பிழை வரும். உறுப்புகளின் எண்ணிக்கை உண்மையிலேயே மாறக்கூடிய அரிய சூழலில், உருவாக்கும்போதே 'ஷேப்' என்ற இடத்தில் மாறக்கூடிய பரிமாணத்தை 'நன்' என்று குறிப்பிட்டு விடலாம். மாதிரியின் எடைகளுக்கு இது தேவைப்படுவதே இல்லை.

மூன்றாவது முடிவு, பயிற்சியில் மாற வேண்டுமா என்பது. எத்தனை சுற்று ஓடியது என்று எண்ணும் மாறி, பேட்ச் நார்மலைசேஷன் அடுக்கு வைத்திருக்கும் நகரும் சராசரி போன்றவை காலப்போக்கில் மாறுபவைதாம். ஆனால் அவற்றை மாற்ற வேண்டியது நம் நிரல், ஆப்டிமைசர் அன்று. இவற்றை உருவாக்கும்போது 'டிரெய்னபிள்=ஃபால்ஸ்' என்று சொல்லிவிட வேண்டும். கிரேடியன்ட்டேப் திருத்தத்தக்க மாறிகளைத் தானாகவே கவனிக்கும். ஃபால்ஸ் என்று குறித்தவற்றைக் கவனிக்காது. என்றுமே மாறாத எண்ணுக்கு மாறியே தேவையில்லை, 'டிஎஃப்.கான்ஸ்டன்ட்' போதும்.

மதிப்பை மாற்றும்போது

உருவான மாறியின் மதிப்பை மாற்ற 'அசைன்', கூட்ட 'அசைன்_ஆட்', கழிக்க 'அசைன்_சப்' என்ற மூன்று வழிகள் உள்ளன. இவை நினைவகத்தில் மாறி இருக்கும் அதே இடத்தில் புதிய மதிப்பை எழுதுகின்றன. பைத்தான் பழகியவர்களின் கை இங்கே தானாக வேறொன்றை எழுதிவிடும்:

எடை = எடை + 1.0

இந்த வரிக்குப் பிறகு 'எடை' என்ற பெயர் ஒரு மாறியைக் குறிக்காது. கூட்டலின் விடையாகப் பிறந்த சாதாரண டென்சர் ஒன்றைக் குறிக்கும். பழைய மாறி மாற்றமின்றி எங்கோ இருக்கும், மாதிரி அதையே பயன்படுத்திக்கொண்டிருக்கும், நாம் அச்சிட்டுப் பார்க்கும் எண் மட்டும் கூடியிருக்கும். சரிவழி முறையை (கிரேடியன்ட் டிசென்ட்) கையால் எழுதிப் பழகுவோர், கிரேடியன்ட்டைக் கழிக்கும் வரியை இப்படி எழுதினால், அடுத்த சுற்றில் டேப் அந்த டென்சரைக் கவனிக்காததால் கிரேடியன்ட் வெற்றாக வரும். 'எடை.அசைன்_சப்(விகிதம் * கிரேடியன்ட்)' என்று எழுதுவதே முறை.

ஒரு மாறியிலிருந்து இன்னொன்றை உருவாக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 'ஆ = அ' என்றால் ஒரே மாறிக்கு இரண்டு பெயர்கள்; ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்தும். 'ஆ = டிஎஃப்.வேரியபிள்(அ)' என்றால் அந்த நேரத்து மதிப்பு நகலெடுக்கப்பட்டுத் தனி மாறி பிறக்கும். இரண்டுக்கும் பயன் உண்டு, இரண்டும் பிழையின்றி ஓடும். எது வேண்டும் என்பதை எழுதுபவர்தான் அறிவார்.

எந்த எண்ணிலிருந்து தொடங்குவது

நான்கு முடிவுகளில் கடினமானது இதுதான். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கணக்கோடு பார்ப்பது பயன் தரும். கையெழுத்து எண்களின் எம்நிஸ்ட் தொகுப்பில் ஒவ்வொரு படமும் 28-க்கு 28 புள்ளிகள், அதாவது 784 எண்கள் கொண்டது. இதை 256 நியூரான்கள் கொண்ட ஓர் அடுக்குக்கும், அதன்பின் ரெலூ (எதிர்ம எண்களைச் சுழியமாக்கும் செயற்கூறு) வழியாக 10 நியூரான்கள் கொண்ட இறுதி அடுக்குக்கும் அனுப்புவோம். முதல் அடுக்கில் 784 × 256 = 2,00,704 எடைகளும் (உள்ளீட்டைப் பெருக்கும் எண்கள்) 256 பயஸ்களும் (பெருக்கலின் விடையோடு கூட்டப்படும் எண்கள்) உள்ளன; இரண்டாவதில் 2,560 எடைகளும் 10 பயஸ்களும். மொத்தம் 2,03,530 எண்கள். இவை ஒவ்வொன்றும் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

எல்லாம் சுழியத்திலிருந்து தொடங்கட்டும் என்பதே முதலில் தோன்றும் விடை. 'டிஎஃப்.ஜீரோஸ்' கொண்டு அப்படிச் செய்தால் நடப்பதைப் பாருங்கள். முதல் அடுக்கின் வெளியீடு சுழியம். ரெலூவைக் கடந்தும் சுழியம். இரண்டாம் அடுக்கின் எடைகளுக்கான கிரேடியன்ட், உள்ளே வந்த எண்ணால் பெருக்கப்படுவது என்பதால் அதுவும் சுழியம். பின்னோக்கி முதல் அடுக்குக்குச் செல்லும் கிரேடியன்ட், இரண்டாம் அடுக்கின் எடைகளால் பெருக்கப்படுவது என்பதால் மீண்டும் சுழியம். இரண்டு லட்சத்துச் சொச்சம் எண்களில், இறுதி அடுக்கின் 10 பயஸ்கள் மட்டுமே நகரும். எந்த இலக்கம் தொகுப்பில் அதிகம் வருகிறது என்பதை மட்டும் அந்த மாதிரி கற்றுக்கொண்டு நின்றுவிடும்.

சுழியத்தை விட்டு, எல்லாவற்றுக்கும் 0.1 என்று ஒரே எண்ணைக் கொடுத்தாலும் நிலை பெரிதாக மாறாது. 256 நியூரான்களும் ஒரே உள்ளீட்டை ஒரே எடைகளால் பெருக்குகின்றன, ஒரே விடையைத் தருகின்றன, ஒரே கிரேடியன்ட்டைப் பெற்று ஒரே அளவு திருந்துகின்றன. எத்தனை சுற்று ஓட்டினாலும் அவை பிரியா. 256 நியூரான்களுக்கான செலவில் ஒரு நியூரானின் வேலையே நடக்கும். இதற்காகவே எடைகளைத் தற்போக்கு எண்களால் தொடங்குகிறோம். பயஸ்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை: எடைகள் வேறுபட்டிருந்தாலே நியூரான்கள் பிரிந்துவிடும் என்பதால், பயஸ்களைச் சுழியத்தில் தொடங்குவது வழக்கம்.

அடுத்த கேள்வி, எவ்வளவு பெரிய தற்போக்கு எண்கள் என்பது. 'டிஎஃப்.ரேண்டம்.நார்மல்' எதுவும் சொல்லாமல் அழைத்தால் சராசரி 0, திட்டவிலக்கம் 1 உள்ள இயல்நிலைப் பரவலிலிருந்து எண்களைத் தரும். எம்நிஸ்ட் புள்ளிகளை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்டவையாக மாற்றியபின் அவற்றின் சராசரி ஏறத்தாழ 0.13, திட்டவிலக்கம் 0.31, ஆகவே ஒரு புள்ளியின் வர்க்கச் சராசரி சுமார் 0.11. இப்படி 784 புள்ளிகளின் வர்க்கங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 88. முதல் அடுக்கின் வெளியீட்டுக்குத் திட்டவிலக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 9.4. ரெலூ எதிர்ம எண்களை வெட்டுவதால் வர்க்கச் சராசரி பாதியாகி 44 ஆகும். 256 நியூரான்களின் பங்கும் சேர்ந்து இறுதி அடுக்கின் வெளியீட்டுக்குத் திட்டவிலக்கம் சுமார் 106 ஆகிவிடும். வெளியீடுகளை வாய்ப்புகளாக மாற்றும் சாஃப்ட்மேக்ஸுக்கு 106 என்பது மிகப் பெரிய இடைவெளி. ஏதோ ஓர் இலக்கத்தின் மேல் முழு உறுதியோடு, பெரும்பாலும் தவறாக, மாதிரி தன் பயிற்சியைத் தொடங்கும். இழப்பு மதிப்பு நூறைத் தாண்டிய எண்ணாக இருக்கும்.

ஆக, உள்ளே வரும் எண்களின் எண்ணிக்கை கூடக் கூட, ஒவ்வோர் எடையும் சிறியதாக வேண்டும். எவ்வளவு சிறியது என்பதற்குப் புழக்கத்தில் இருக்கும் விடைகள் இரண்டு. சேவியர் க்ளோரோவும் யோஷுவா பெஞ்சியோவும் 2010-இல் தந்த சூத்திரம், முன்னோக்கிச் செல்லும் எண்களும் பின்னோக்கி வரும் கிரேடியன்ட்களும் அளவு மாறாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், எடைகளின் பரவற்படியை 2 / (உள்ளீடு + வெளியீடு) என்று வைக்கிறது. சீரான பரவலாக எடுத்தால் எல்லை, 6 / (உள்ளீடு + வெளியீடு) என்பதன் வர்க்கமூலம். நம் முதல் அடுக்குக்கு 6 / 1040 என்பதன் வர்க்கமூலம் 0.076, எடைகள் −0.076 முதல் +0.076 வரை அமையும். கைமிங் ஹேயும் உடனிருந்தோரும் 2015-இல், ரெலூ பாதியை வெட்டிவிடுவதைக் கணக்கில் கொண்டு, பரவற்படியை 2 / உள்ளீடு என்று வைத்தனர். நம் முதல் அடுக்குக்கு இது 0.0505 திட்டவிலக்கம் ஆகிறது. படத்தின் மேல் சிறு வடிகட்டிகளை நகர்த்தும் கன்வல்யூஷன் அடுக்கில் உள்ளீட்டின் எண்ணிக்கை என்பது வடிகட்டியின் பரப்பையும் சேனல்களையும் பெருக்கி வருவது. 3-க்கு 3 வடிகட்டியும் 64 சேனல்களும் என்றால் 576.

இவற்றைக் கையால் கணக்கிட வேண்டியதில்லை. டென்சர்ஃப்ளோவோடு வரும் கெராஸ் லைப்ரரியின் இனிஷியலைசர்கள் (தொடக்க மதிப்பு தருபவை) பகுதியில் 'க்ளோரோயூனிஃபார்ம்', 'ஹேநார்மல்' என்ற பெயர்களில் இரண்டும் உள்ளன:

தொடக்கி = டிஎஃப்.கெராஸ்.இனிஷியலைசர்ஸ்.ஹேநார்மல்(சீட்=7)
எடை = டிஎஃப்.வேரியபிள்(தொடக்கி(ஷேப்=(784, 256)))

எல்லா உள்ளீடுகளையும் எல்லா நியூரான்களோடும் இணைக்கும் டென்ஸ் அடுக்கைப் பயன்படுத்துவோருக்கு க்ளோரோவின் சீரான பரவலே இயல்பாக அமைந்துவிடும்; பயஸ் சுழியமாக இருக்கும். ரெலூவுடன் ஆழமாக அடுக்கும்போது 'கெர்னல்_இனிஷியலைசர்' என்ற இடத்தில் ஹேநார்மலைக் குறிப்பிடுவது நல்லது. நம் எடுத்துக்காட்டைப் போல இரண்டே அடுக்குகள் என்றால் எதை எடுத்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது; இதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. பெயரில் நார்மல் என்று இருந்தாலும், ஹேநார்மல் இரண்டு திட்டவிலக்கத்துக்கு அப்பால் விழும் எண்களைத் தள்ளிவிட்டு மறுபடி எடுக்கும். அப்படி வெட்டுவதால் பரவல் சற்றுச் சுருங்கும் என்பதற்காக, கெராஸ் முன்கூட்டியே திட்டவிலக்கத்தை 0.8796 என்ற எண்ணால் வகுத்து ஈடுசெய்கிறது. மூல நிரலைத் திறந்து பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும் அந்த நீண்ட தசம எண் இதற்காக வந்ததுதான்.

தொடக்க எண்கள் சரியா என்பதைப் பயிற்சி தொடங்குமுன்பே அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பத்து வகைகளில் எதைப் பற்றியும் எதுவும் தெரியாத மாதிரி, ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பைத் தர வேண்டும். அதன் இழப்பு 10-இன் இயல் மடக்கை, அதாவது 2.303. பயிற்சிக்கு முன் ஒரு தொகுதிப் படங்களை அனுப்பி இழப்பைக் கணக்கிடுங்கள். க்ளோரோ எடைகளுடன் அது 2.3-க்கும் 2.5-க்கும் இடையே வரும். 150 என்று வந்தால் எடைகள் மிகப் பெரியவை, அல்லது புள்ளிகளை 255-ஆல் வகுக்க மறந்திருக்கிறோம். கடைசி இலக்கம்வரை பிசகாமல் ஒவ்வொரு படத்துக்கும் 2.3026 என்றே வந்தால் இறுதி வெளியீடுகள் எல்லாம் சமமாக இருக்கின்றன என்று பொருள். எடைகள் சுழியமா என்று பார்க்க வேண்டும்.

பயஸ் எப்போதும் சுழியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நூறு பரிவர்த்தனைகளில் ஒன்று மட்டுமே மோசடி என்ற வகையான தரவில், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட வாய்ப்பைத் தரும் சிக்மாய்டு வெளியீட்டின் பயஸைச் சுழியத்தில் தொடங்கினால் மாதிரி எல்லாவற்றையும் பாதிக்குப் பாதி என்று சொல்லித் தொடங்கும்; இழப்பு 0.693. முதல் சில சுற்றுகள் முழுவதும், மோசடி அரிது என்ற ஒன்றைக் கற்பதிலேயே கழியும். பயஸை 1/99 என்பதன் இயல் மடக்கையான −4.595-இல் தொடங்கினால் அந்த அறிவு பிறக்கும்போதே வந்துவிடும், இழப்பும் 0.056 அளவில் தொடங்கும். 'பயஸ்_இனிஷியலைசர்' என்ற இடத்தில் கான்ஸ்டன்ட் இனிஷியலைசரைக் கொடுத்தால் போதும். தொடர் தரவுக்கான எல்எஸ்டிஎம் அடுக்கில் மறத்தல் வாயிலின் பயஸை கெராஸ் இயல்பாகவே 1-இல் தொடங்குவதும் இதே வகையான முன்யோசனைதான்: தொடக்கத்தில் எதையும் அவசரப்பட்டு மறந்துவிட வேண்டாம் என்று அது சொல்கிறது.

ஒரே விடையை மீண்டும் பெற

தற்போக்கு எண்கள் ஒவ்வொரு முறையும் வேறாக வருவதால் இரண்டு சோதனைகளை ஒப்பிடுவது கடினமாகும். நிரலின் தொடக்கத்திலேயே 'டிஎஃப்.கெராஸ்.யூடில்ஸ்.செட்_ரேண்டம்_சீட்' என்பதை ஓர் எண்ணுடன் அழைத்தால் பைத்தான், நம்பை, டென்சர்ஃப்ளோ மூன்றின் விதை எண்களும் (தற்போக்கு எண்களைத் தீர்மானிக்கும் தொடக்க எண்கள்) ஒருசேர நிலைப்படும். முதல் மாறி பிறப்பதற்கு முன்பே இதை அழைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இறக்குமதி வரிகளுக்கு வெகு கீழே இதை வைத்துவிடுவோர் பலர்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இனிஷியலைசர் ஒன்றை உருவாக்கி, அதே பொருளைப் பல மாறிகளுக்கு மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால், அண்மைப் பதிப்புகளில் ஒவ்வொரு முறையும் அது அதே எண்களையே தரும். ஒரே வடிவம் கொண்ட இரண்டு அடுக்குகள் அச்சு அசலாக ஒரே எடைகளுடன் பிறந்துவிடும். ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியே இனிஷியலைசரை உருவாக்குங்கள். அல்லது பெயரை மட்டும் சரமாகக் கொடுங்கள், அடுக்கு தனக்கென ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

மாறி எங்கே பிறக்க வேண்டும்

வேகத்துக்காக ஒரு செயற்கூறை 'டிஎஃப்.ஃபங்ஷன்' கொண்டு அலங்கரிக்கும்போது, அதற்குள் மாறியை உருவாக்கக் கூடாது. அந்தச் செயற்கூறு கிராஃப் ஆக மாற்றப்பட்டு மீண்டும் மீண்டும் ஓடும் என்பதால், ஒவ்வோர் அழைப்பிலும் புதிய மாறி பிறப்பதா, பழையதே தொடர்வதா என்ற குழப்பம் எழுகிறது. டென்சர்ஃப்ளோ குழம்பாமல் பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. மாறிகளை வெளியே உருவாக்கி உள்ளே பயன்படுத்துவதே நேர்வழி. ஒரு கிளாஸுக்குள் எழுதும்போது, மாறியின் இடத்தை முதலில் வெற்றாக வைத்து, வெற்றாக இருந்தால் மட்டும் உருவாக்கு என்று நிபந்தனையிட்டால் அதுவும் ஏற்கப்படும். ஆடம் போன்ற ஆப்டிமைசர்கள் ஒவ்வொரு மாறிக்கும் துணையாக இரண்டு மாறிகளை முதல் அழைப்பில் தாமே உருவாக்கிக்கொள்பவை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நாம் எங்கும் மாறி உருவாக்காமலேயே மேற்சொன்ன பிழை வந்தால், பெரும்பாலும் ஒரே ஆப்டிமைசரை இரண்டு மாதிரிகளுக்குப் பயன்படுத்தியிருப்போம். ஆப்டிமைசரின் 'பில்ட்' செயற்கூறை மாறிகளின் பட்டியலுடன் முன்கூட்டியே வெளியில் அழைத்துவிடுவது இதற்குத் தீர்வு. அந்தத் துணை மாறிகள் சுழியத்தில் தொடங்குவது சரியே. நம் 2,03,530 எண்களுக்கும் இவை சேர்ந்து நினைவகத்தில் மூன்று மடங்கு இடம் பிடிக்கும் என்பதை மட்டும் பெரிய மாதிரிகளில் கணக்கில் கொள்ள வேண்டும்.

சொந்தமாக கெராஸ் அடுக்கு எழுதுவோர், உள்ளீட்டின் அளவு தெரிந்தபிறகு அழைக்கப்படும் 'பில்ட்' செயற்கூறுக்குள், 'ஆட்_வெயிட்' கொண்டு மாறிகளை உருவாக்க வேண்டும். வடிவம், இனிஷியலைசர், டிரெய்னபிள் மூன்றையும் அங்கேயே சொல்லலாம். 'டிஎஃப்.வேரியபிள்' கொண்டு நேரடியாக உருவாக்கி அடுக்கின் பண்பாக வைப்பது பழைய கெராஸில் செல்லுபடியானது. 2024-இல் வந்த டென்சர்ஃப்ளோ 2.16-லிருந்து கெராஸ் 3 இயல்பாக வருகிறது; அதில் இப்படி வைத்த மாறியை அடுக்கு தன்னுடையதாகக் கணக்கில் எடுப்பதில்லை. கணக்கில் அது பயன்படும், விடையும் வரும். ஆனால் 'டிரெய்னபிள்_வேரியபிள்ஸ்' பட்டியலில் இராது, ஆகவே ஆப்டிமைசர் அதைத் தொடாது, சேமிக்கும்போதும் விட்டுப்போகும். பழைய நிரலைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவந்ததும், அந்தப் பட்டியலின் நீளத்தை இரண்டிலும் அச்சிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல ஜிபியூக்களில் பயிற்சி நடத்தும்போது 'மிரர்டுஸ்ட்ராட்டஜி'யின் 'ஸ்கோப்' எல்லைக்குள் மாதிரியையும் ஆப்டிமைசரையும் உருவாக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு ஜிபியூவிலும் ஒரே தொடக்க மதிப்புடன் நகல்கள் பிறக்கும்.

சேமித்த மதிப்பிலிருந்து தொடங்கும்போது

ஏற்கெனவே பயிற்சி பெற்ற மதிப்புகளை 'டிஎஃப்.டிரெய்ன்.செக்பாயின்ட்' வழியே ஏற்றுவதும் ஒருவகைத் தொடக்க மதிப்பிடலே. இதில் கவனிக்க வேண்டியது, 'ரீஸ்டோர்' என்று அழைக்கும் நேரத்தில் மாறிகள் பிறந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது. இன்னும் பிறக்காத மாறிக்குரிய மதிப்பை அது கையில் வைத்துக் காத்திருக்கும். அடுக்கு பின்னர் உருவாகும்போது தற்போக்கு எண்ணுக்குப் பதிலாகச் சேமித்த எண் உள்ளே போகும். மாறிகளின் பெயரைக் கொண்டு இந்தப் பொருத்தம் நடப்பதில்லை; எந்தப் பொருளின் எந்தப் பண்பாக மாறி இருக்கிறது என்ற பாதையைக் கொண்டு நடக்கிறது. ஆகவே கிளாஸுக்குள் 'அடுக்கு1' என்றிருந்த பண்பை 'முதல்அடுக்கு' என்று மாற்றி எழுதினால், பொருத்தம் கிடைக்காமல் அந்த அடுக்கு மட்டும் தற்போக்கு எண்களோடு பிறக்கும், நிரலும் நிற்காது.

இதைத் தடுக்க, ரீஸ்டோர் திருப்பித் தரும் பொருளின்மேல் 'அசர்ட்_கன்ஸ்யூம்ட்' என்பதை அழைக்க வேண்டும். கோப்பில் உள்ள ஏதேனும் மதிப்பு இடம் கிடைக்காமல் எஞ்சினாலோ, நிரலில் உள்ள ஏதேனும் மாறி மதிப்பு கிடைக்காமல் நின்றாலோ அது பிழை காட்டும். மாறிகள் எல்லாம் பிறந்தபிறகு, அதாவது ஒரு தொகுதியை மாதிரியின் வழியே அனுப்பியபிறகு அழைப்பதுதான் பொருளுடையது. கணிப்புக்காக மட்டும் ஏற்றும்போது ஆப்டிமைசரின் துணை மாறிகள் கோப்பில் எஞ்சி நிற்பது இயல்பு. அங்கே 'அசர்ட்_எக்ஸிஸ்டிங்_ஆப்ஜெக்ட்ஸ்_மேட்ச்ட்' என்பதைப் பயன்படுத்தினால் நிரலில் உள்ள மாறிகள் எல்லாம் மதிப்புப் பெற்றனவா என்பதை மட்டும் சோதிக்கும், 'எக்ஸ்பெக்ட்_பார்ஷியல்' என்பதைச் சேர்த்தால் எஞ்சியவற்றைப் பற்றிய எச்சரிக்கைகளும் வராது.